அக்கரை இல்லாத பாலம்

பாலம் என்றால் இக்கரை ஒன்றும் அக்கரை ஒன்றும் இருக்கவேண்டும் என்பது உலக வழக்கு. இந்த வழக்கை மதியாமல், ஒரு முனையை மண்ணில் ஊன்றி மறு முனையை நடுக்கடலில் நிறுத்திவிட்ட பாலங்களை, 1814-ஆம் ஆண்டு தொடங்கி முதல் உலக யுத்தம் மூளும் வரையில், பிரிட்டிஷ் ஜனங்கள் தங்கள் தீவின் கரையோரமெங்கும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நூறாண்டுக் காலத்தில் எழுந்தவை சற்றேறக்குறைய நூறு. கப்பல் ஏறுவதற்கென்று தொடங்கிய இந்தக் கடற்பாலங்கள், கப்பலேறும் உத்தேசம் சிறிதும் இல்லாதவர்களாலேயே பெயரும் பொருளும் பெற்றன என்பதுதான் விசித்திரம். வாசலில் சில்லறையைக் கொடுத்து உள்ளே புகுந்து, நுனிவரை ஆற அமர நடந்து, சற்று நேரம் அலைகளைப் பார்த்திருந்துவிட்டு, போன வழியே திரும்பி வருவதை ஒரு பெரிய ஆனந்தமாகக் கருதி, ஜோடி ஜோடியாக லட்சக்கணக்கானவர்கள் அங்கே வந்து குழுமினார்கள்.

ஒரு காரியமும் செய்யாமல் ஒரு நாளைக் கழிப்பதற்கு இவ்வளவு இரும்பும் மரமும் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சாமானியனான ஒரு தொழிலாளியும் அவன் மனைவியும், பசி பற்றிய கவலையும் எஜமானனைப் பற்றிய பயமும் இன்றி, ஒரு பகல் முழுவதும் கைவீசி நடக்கும் பாக்கியத்தை அடைவதற்கு இரும்பும் மரமும் மட்டும் போதவில்லை. ஒரு வைத்தியரின் நூலும், ஒரு ராஜகுமாரனின் உல்லாசமும், கண்ணிழந்த ஒருவரின் யந்திர ஞானமும், ரயில் கம்பெனிகளின் லாப ஆசையும், கடைசியில் பார்லிமெண்டின் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கைகொடுக்க வேண்டியிருந்தன. ஓய்வு என்பது மனிதனுக்குத் தானாக வாய்த்த வரமன்று, தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்பிய பொருள் என்பதைக் கடற்பாலங்களின் சரித்திரத்தைப்போல் வெளிப்படையாகக் காட்டும் சரித்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் இங்கிலாந்தில் கனவான்கள் கடற்கரைக்கு உல்லாசமாகச் செல்வது வழக்கமில்லை. கடல் என்பது மீனவனுக்கும் மாலுமிக்கும் உரிய பயங்கரமான தொழிற்களம். நோய் தீரவேண்டியவர்கள் உள்நாட்டு ஊற்றுகளை நாடிப் பாத் முதலிய நகரங்களுக்குச் சென்றார்கள். இந்நிலையில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் வைத்தியர், சுரப்பிகளில் உண்டாகும் வியாதிகளுக்குக் கடல்நீரே சிறந்த ஔஷதம் என்று வாதித்து 1750-இல் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கடல்நீரில் முழுகினால் மட்டும் போதாது, அதைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். புயல்களால் சிதைந்து க்ஷீணதசையில் கிடந்த பிரைட்டன் என்ற மீனவர் ஊருக்கு அவர் குடிபெயர்ந்ததும், நோயாளிகளும் நோயாளிகளாகத் தங்களைப் பாவித்துக்கொண்ட செல்வர்களும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். சக்கரம் வைத்த மர அறைக்குள் உடை மாற்றிக்கொண்டு, குதிரை அந்த அறையையே கடலுக்குள் இழுத்துச் செல்ல, அதன் படிவழியே இறங்கி முழுகி எழுவது அன்றைய நாகரிகமாயிற்று.

1783-இல் இளவரசர் ஜார்ஜ் முதன்முறையாகப் பிரைட்டனுக்கு வந்த பிறகு ஔஷதம் உல்லாசமாக மாறிவிட்டது. பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான அவர், ஜான் நாஷ் என்ற சிற்பியைக்கொண்டு 1815-க்கும் 1822-க்கும் இடையில் அங்கே தம் மாளிகையை முகலாயர் பாணியில் கும்மட்டங்களும் மினார்களும் பொலியப் புதுப்பித்து அமைத்தார். ஆங்கிலக் கடற்கரையில் உல்லாசம் என்றால் கும்மட்டம் இருக்கவேண்டும் என்ற அபிப்பிராயம் இந்த மாளிகையிலிருந்தே வேரூன்றியது. பின்னாளில் கடற்பாலங்களின்மேல் எழுந்த மண்டபங்களெல்லாம் தில்லியையும் ஆக்ராவையும் அரைகுறையாக நினைவூட்டுவதற்குக் காரணமும் இதுவே.

இனி, பாலத்துக்கு வருவோம். வைட் தீவில் ரைடு என்றொரு ஊர். அங்கே கடல் வற்றும் வேளையில் கரைக்கும் நீருக்கும் இடையே நெடுந்தூரம் சேறும் மணலும் விரிந்து கிடக்கும். நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங், 1754-இல் நோயுற்ற உடம்போடு லிஸ்பனுக்குச் சென்ற வழியில் அங்கே தங்க நேர்ந்து, அந்தச் சேற்றின் கஷ்டத்தைத் தம் பிரயாணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். படகோட்டியின் தோளிலும் குதிரை வண்டியிலும் தூக்கிச் செல்லப்பட்டுக் கரையேறுவதில் ஒரு சீமாட்டியின் கௌரவம் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகவே 1814-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1,740 அடி நீளமுள்ள மரப்பாலம் ஒன்று ரைடில் திறக்கப்பட்டது. பிரிட்டனின் கடற்பாலங்களுக்கெல்லாம் மூத்தது அது. தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள சவுத்எண்டில் நீர் இறங்கினால் ஒரு மைலுக்குமேல் பின்வாங்கிவிடும். ஆதலால் அங்கே 1830-இல் திறந்த பாலத்தை நீரைத் துரத்திக்கொண்டு நீட்டிக்கொண்டே போகவேண்டியதாயிற்று. பின்னர் இரும்பில் மாற்றிக் கட்டப்பெற்று இன்று நிற்கும் அப்பாலத்தின் நீளம் 2,158 மீட்டர். நடக்க மாட்டாதவர்களுக்காக அதன்மேல் ஒரு சிறு ரயிலே ஓடுகிறது.

ஆனால் பாலத்தில் உலவுவதற்கென்றே பாலத்துக்குப் போகும் வழக்கத்தை நிலைநாட்டியது, 1823 நவம்பரில் பிரைட்டனில் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம். கப்பற்படைத் தளபதியாக இருந்து சங்கிலித் தொழிலில் இறங்கிய சாமுவேல் பிரவுன், நதிமேல் கட்டும் தொங்குபாலத்தையே கடல்மேல் கட்டிவிடலாம் என்று துணிந்து, வரிசையாக நிறுத்திய இரும்புக் கோபுரங்களிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, 1,154 அடி நீளத்துக்குப் பலகை பரப்பினார். பிரான்சிலுள்ள தியெப் துறைக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களுக்காக என்று சொல்லித்தான் அது கட்டப்பட்டது. இருந்தாலும் கோபுரங்களின் அடியில் ஞாபகப் பொருள் விற்கும் சிறு கடைகள் முளைத்தன, வாத்தியம் முழங்கியது, இரண்டு பென்னி கொடுத்தவர்கள் யாவரும் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பெருமிதத்தை வாந்தியும் மயக்கமும் இல்லாமலே அனுபவித்தார்கள். கான்ஸ்டபிள், டர்னர் என்ற இரு பெரும் ஓவியர்களும் அதைச் சித்திரமாகத் தீட்டியது அந்நாளில் அதற்கிருந்த பிரசித்திக்குச் சாட்சி.

மரம் புழுவுக்கு இரையாகும். சங்கிலி புயலுக்கு அசையும். 1833-லும் 1836-லும் சங்கிலிப் பாலமே புயலில் சிதைந்து செப்பனிடப்பட்டது. மணற்பாங்கான கடலடியில் அசையாத கால் ஊன்றுவதற்கு வழிகண்டவர், இளமையிலேயே பார்வையை இழந்த அலெக்ஸாண்டர் மிட்செல் என்ற ஐரிஷ்காரர். இரும்புத் தூணின் அடியில் அகலமான திருகு ஒன்றைப் பொருத்தி, மேலிருந்து பலர் சேர்ந்து தூணைச் சுழற்றினால், தச்சனின் துறப்பணம் மரத்தில் இறங்குவதுபோல அது மணலுக்குள் இறங்கி உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவர் 1833-இல் தம் உரிமையாகப் பதிவு செய்தார். கலங்கரை விளக்கங்களைத் தாங்கிய இந்தத் திருகுத்தூணை உல்லாசத்தின் பக்கம் திருப்பியவர் யூஜீனியஸ் பிர்ச். மார்கேட்டில் தொடங்கி, பிளாக்பூல், பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ், போர்ன்மத் என்று பதினான்கு கடற்பாலங்களை அவர் ஒருவரே அமைத்தார். தூண்கள் மெலிந்திருந்தால் அலை அவற்றை மோதாமல் ஊடே புகுந்து போய்விடும்; கடலை எதிர்ப்பதைவிடக் கடலுக்கு வழிவிடுவதே மேல் என்பது அந்தக் கட்டடக் கலையின் ரகசியம்.

இந்தத் திருகுத்தூண் நம் கரைக்கும் வந்தது. துறைமுகம் ஏற்படுவதற்குமுன் சென்னையில் சரக்கும் மனிதரும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையோடு போராடியே கரையேற வேண்டியிருந்தபடியால், 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஓர் இரும்புப் பாலம் திருகுத்தூண்களின்மேல் கட்டப்பட்டது. 1952-ஆம் வருஷத்துப் புயலில் அழிந்த புதுச்சேரியின் பழைய பாலமும் அந்தப் பத்தாண்டில் எழுந்ததே. ஆனால் இவை மூட்டைக்கும் முடைக்கும் பிறந்த பாலங்கள். சென்னைவாசிகள் காற்று வாங்குவதற்கு வழிசெய்தது 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினாச் சாலை. ஒரே யந்திரம் ஒரு கரையில் வியாபாரத்துக்கும் மற்றொரு கரையில் விநோதத்துக்கும் உழைத்தது; இரண்டுக்கும் உள்ள உறவைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

பாலம் கட்டுவதற்குப் பணம் வேண்டும், அதற்கு வர ஜனங்கள் வேண்டும், ஜனங்களுக்குப் பொழுது வேண்டும். பங்குதாரரின் பொறுப்பை அவர் போட்ட முதலோடு நிறுத்திய 1855-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியே பார்லிமெண்டில் மசோதா கொண்டுவரும் தொல்லையைக் குறைத்த 1861-ஆம் ஆண்டுச் சட்டமும் முதற்குறையைத் தீர்த்தன. இரண்டாவதை ரயில் தீர்த்தது. 1841 செப்டம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், சீமான்களின் ஊர் குமாஸ்தாக்களின் ஊராயிற்று. சலுகைக் கட்டண ரயில்களில் வந்திறங்கிய கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. விக்டோரியா மகாராணியே பிரைட்டன் மாளிகையை விட்டு ஒதுங்கி, கடைசியில் அது 1850-இல் நகரத்தாரிடம் விற்கப்பட்டது.

பிளாக்பூலில் நடந்தது இன்னும் ரஸமானது. 1863-இல் பிர்ச் கட்டிய வடபாலத்தில் மரியாதைப்பட்டவர்கள் மட்டும் உலவவேண்டும் என்பது நிர்வாகிகளின் எண்ணம். ஆனால் இரண்டு பென்னி கட்டணம் எளியவர்களைத் தடுப்பதற்குப் போதவில்லை. எனவே, 1868-இல் சற்றுத் தெற்கே மற்றொரு பாலம் எழுந்தது. அதுவோ திறந்த வெளியில் ஆடலும் பாடலுமாக நாளடைவில் ஜனங்களின் பாலமாகவே ஆகிவிட்டது. வடபாலத்தில் சங்கீதம் கேட்பதும் தென்பாலத்தில் ஜோடி சேர்ந்து நடனமாடுவதும் என்று, ஒரே கடல்மேல் இரண்டு ஜாதிகள் நடமாடின.

மூன்றாவதான பொழுதுதான் கிடைத்தற்கரியது. ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி வேலை என்று 1847-இல் வரையறுத்தார்கள். 1850-இல் வந்த சட்டம் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணியோடு அவர்கள் வேலையை முடித்துவைத்தது. 1871-இல் ஸர் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டத்தால் ஈஸ்டர் திங்கட்கிழமை, ஆகஸ்டு மாதத்து முதல் திங்கட்கிழமை முதலிய நாட்கள் பொது விடுமுறைகளாயின. லங்காஷயர் நெசவு ஊர்களில், பழைய கோயில் திருவிழாவின் எச்சமாக, வருஷத்தில் சில நாட்கள் ஆலைகள் ஒட்டுமொத்தமாக மூடப்படும் வழக்கம் இருந்தது. ஓர் ஊர் முறைவைத்து மூட, மற்றோர் ஊர் அடுத்து மூடும். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. வருஷம் முழுவதும் வாராவாரம் சில்லறை சேர்த்து வைத்து, ஊர் முழுவதும் ஒரே ரயிலில் ஏறியதுபோலப் பிளாக்பூலுக்குப் போய் இறங்கும். கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் தறியோட்டும் குடும்பங்கள் அங்கே மிகுதி. அவர்கள் நெய்த துணிக்கு உலகத்திலேயே பெரிய சந்தை நம் இந்தியா. சென்னைப் பாலத்தில் சரக்கு இறங்கியதற்கும் பிளாக்பூல் பாலத்தில் நடனம் ஏறியதற்கும் இடையே இப்படி ஒரு நூல் ஓடுகிறது. அந்நியத் துணிப் பகிஷ்காரத்தை நினைவில் வைத்திருக்கும் நமக்கு அது கண்ணில் படாமல் இராது. ஆயினும் அந்த நெசவுத் தம்பதிகளின் ஒரு வார ஓய்வை, அவர்களுடைய ஐம்பத்தொரு வார உழைப்பைப் பார்த்த பிறகு, யாரும் பொறாமையோடு நோக்கமாட்டார்கள்.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆகஸ்டு விடுமுறை நாளொன்றில், லண்டன் குமாஸ்தா ஒருவர் தம் மனைவியோடு, பிர்ச் கட்டிய பிரைட்டன் மேற்குப் பாலத்துக்குப் போனால் அந்தப் பகல் எவ்வாறு கழியும் என்பதைக் கற்பித்துப் பார்ப்பது கடினமன்று. மூன்றாம் வகுப்பு வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு ஐம்பது மைல் கடந்து வந்து, நிலையத்திலிருந்து நேரே சரியும் தெருவில் இறங்கினால், கடைசியில் தெரிவது கடல். பாலத்தின் வாசலில் ஒருவர் ஒருவராக உள்ளே விடும் சுழற்கதவில், அவள் பாவாடை சிக்கிக்கொள்ளாமல் நுழைந்துவிட்டால், அதற்குப்பின் அவசரம் என்பதே கிடையாது. பாலத்தின் இருபுறமும் நெடுக வார்ப்பிரும்பு ஆசனங்கள். பாம்பு சுற்றிக்கொண்ட உருவில், இளவரசர் மாளிகையின் சித்திரங்களைப் பார்த்துச் செய்த விளக்குத் தூண்கள். அலைநீர் வடிவதற்காக இடைவெளி விட்டு அடித்த பலகைகளின் சந்தில், காலுக்கு நேர் கீழே பச்சை நீர் புரள்வது தெரியும். முதல் முறை வந்தவர்களுக்கு அதில் ஒரு சிறு பயமும், அந்தப் பயத்தில் பக்கத்திலிருப்பவர் கையைப் பற்றிக்கொள்வதற்கு ஒரு நியாயமும் உண்டு.

கடற்காற்றில் ஓஸோன் நிறைந்திருக்கிறது, அதை இழுத்துச் சுவாசித்தால் ஆயுள் விருத்தியாகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ரஸ்ஸல் வைத்தியரின் ஔஷதம் குவளையிலிருந்து காற்றுக்கு மாறியிருந்தது. ஆகவே வெறுமனே உட்கார்ந்திருப்பதும் ஒரு சிகிச்சையே. வாடகைக்குச் சாய்வு நாற்காலி எடுத்துப் பட்டாள வாத்தியம் கேட்கலாம். ஒரு பென்னியைப் போட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் அசையும் படம் காட்டும் பெட்டியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம். அதில் சில படங்களை மனைவியை அழைத்துக்கொண்டு போனவர்கள் பார்க்காமலிருப்பது உசிதம். வெள்ளை உடையும் கூம்புத் தொப்பியும் அணிந்த கோமாளிப் பாடகர்கள் ஒருபுறம். பேராசிரியர் என்ற பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டு, பாலத்தின் மேலிருந்து கடலில் குதித்து வித்தை காட்டுவோர் ஒருபுறம். பசித்தால் கரைப்பக்கம் இறால் உண்டு, வினிகர் தெளித்த சிப்பி உண்டு, ஓட்டுக்குள்ளிருந்து குண்டூசியால் குத்தி இழுத்துத் தின்னும் கடல் நத்தையும் உண்டு. வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கென்று, எங்கே கடித்தாலும் ஊரின் பெயர் தெரியும்படி எழுத்துகளை உள்ளே ஓடவிட்ட மிட்டாய்க் கழி. இவ்வளவுக்கும் ஆன செலவை அவர் இரவில் கணக்குப் பார்த்தாலும், அந்த நாளில் அவர்கள் பெற்ற முக்கியமான பொருள் கணக்கில் வராது. அது இருவரும் தடங்கலில்லாமல் பேசிக்கொள்ளக் கிடைத்த சில மணி நேரம்.

மணமாகாதவர்கள் விஷயத்தில் பாலம் செய்த உபகாரம் இன்னும் நுட்பமானது. விக்டோரியா காலத்துக் கண்ணியமான குடும்பங்களில் ஓர் இளைஞனும் யுவதியும் துணைக்கு ஆளின்றித் தனியே சந்திப்பது அபவாதத்துக்கு இடமாகும். கடற்பாலமோ ஆயிரம் கண்கள் பார்க்கும் பொது இடம், வாசல் ஒன்றுதான், போனவர்கள் திரும்பி வந்தே தீரவேண்டும். ஆகவே தாய்மார்கள் வாத்திய மண்டபத்தின் அருகே உட்கார்ந்துகொண்டு, பெண்ணை நுனிவரை நடந்துவர அனுமதிப்பதில் ஆபத்தொன்றும் காணவில்லை. ஆனால் காற்றின் இரைச்சலும் அலையின் ஓசையும் சேர்ந்து, மூன்று அடி தள்ளி நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்காதபடி செய்துவிடும். எல்லோரும் பார்க்கலாம், ஒருவரும் கேட்க முடியாது என்ற இந்த ஏற்பாட்டைப் பிர்ச் தம் வரைபடத்தில் குறிக்கவில்லை. அங்கே உலவிய ஜோடிகளே அதைக் கண்டுபிடித்தார்கள்.

கடல் தன் வாடகையை அவ்வப்போது வசூலிக்கத் தவறவில்லை. பிரைட்டனில் புதிதாக மற்றொரு பாலம் கட்ட அனுமதி தந்தபோது, பழைய சங்கிலிப் பாலத்தைப் பிரித்துவிடவேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். அந்தச் சிரமத்தை வைக்காமல் 1896 டிசம்பர் 4-ஆம் தேதி இரவில் புயலே அதை வாரிக்கொண்டு போயிற்று. புதிய அரண்மனைப் பாலம் 1899-இல் திறக்கப்பட்டது. 1940-இல் பகைவன் படகில் வந்து இந்தப் பாலங்களின் வழியே கரையேறிவிடுவான் என்ற அச்சத்தால், தென்கரையிலும் கீழ்க்கரையிலும் பல பாலங்களை நடுவே வெட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். சவுத்எண்டு பாலம் கப்பற்படையின் வசமாயிற்று. யுத்தத்துக்குச் சற்று முன் 1938-இல்தான் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் பிறந்திருந்தது. ஆதலால் வெட்டுண்ட பாலங்களை ஒட்டிச் சேர்த்தபோது, அவற்றின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய கூட்டம் வந்து நிறைந்தது.

பிறகு ஆகாய விமானம் மலிந்தது. வெயில் நிச்சயமாகக் கிடைக்கும் ஸ்பெயின் தேசத்துக் கரைக்கு ஜனங்கள் பறந்தார்கள். ரயில் கொண்டுவந்த கூட்டத்தை விமானம் கொண்டுபோயிற்று. உப்பு தின்ற இரும்புக்கு வருஷந்தோறும் வர்ணம் பூசுவதற்கும் வழியின்றிப் பாலங்கள் தளர்ந்தன. பிர்ச்சின் தலைசிறந்த படைப்பாகிய பிரைட்டன் மேற்குப் பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் தீக்கிரையாகி, இன்று இரும்பு எலும்புக்கூடாக நிற்கிறது. பாலங்களைக் காப்பதற்கென்றே 1979-இல் ஒரு சங்கம் ஏற்பட, கவிஞர் ஸர் ஜான் பெட்ஜமன் அதன் தலைவரானார். பழைய இருப்புப் பாதைத் தண்டவாளங்களைக்கொண்டு 1869-இல் கட்டப்பெற்று, நூறாண்டு கழித்துப் பாரச் சோதனையில் இடிந்த கிளீவ்டன் பாலத்தை, அவ்வூரார் விடாமல் போராடி, பணம் திரட்டி, துண்டு துண்டாகக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் எழுப்பினார்கள். அங்கே கப்பல் வருவது அபூர்வம். நடப்பதற்காகவே அது எழுந்தது.

பயனில்லாத ஒன்றுக்காக ஓர் ஊர் இவ்வளவு பாடுபடுவானேன் என்று கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன சரித்திரமே விடை. சீமானுக்கு மருந்தாகவும் பெருமையாகவும் இருந்த ஓய்வு, சாமானியனுக்கு உரிமையாக வந்து சேர்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் சென்றது. சட்டப் புத்தகத்தில் எழுதிய உரிமையைக் காலால் மிதித்து நடந்து அனுபவிக்கக்கூடிய இடம் எங்கேனும் ஓரிடம் இருக்கவேண்டுமல்லவா? தெருக்கள் வேலைக்குச் செல்வதற்கும் சந்தைகள் விலை பேசுவதற்கும் ஏற்பட்டவை. அக்கரையே இல்லாத பாலத்தில்தான் போய்ச் சேரவேண்டிய இடம் என்ற ஒன்று இல்லாமற்போகிறது. எந்த நகரம் தன் ஜனங்களுக்கு அப்படி ஓர் இடத்தைக் கட்டிக்கொடுத்து, ஆண்டுதோறும் வர்ணம் பூசிக் காத்துவருகிறதோ, அந்த நகரம் அவர்களை உழைப்பாளிகளாக மட்டுமன்றி மனிதர்களாகவும் மதிக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.